வேற மூலம்

மந்தைவெளி மாதர் நல்வழிச் சங்கத்தின் தையற்கூடத்தில் ஃப்ளோரன்ஸ் காலையிலிருந்து ஒரு பக்கத் தொடையிலேயே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். வயிற்றில் ஏழு மாதம். மறுபக்கம் சாய்ந்தால் பெஞ்சுப் பலகை குத்தி உயிர் போயிற்று. உள்ளே மடித்துக் கட்டியிருந்த பழந்துணி ஈரமாகியிருந்தது. அது வேர்வையில்லை என்று அவளுக்குத் தெரியும்.

மடியில் சிவப்பு வெல்வெட் மெத்தை. மாலையில் ஆண்டு விழாவுக்கு வரும் ஜமீன் ராணியம்மாள் உட்காருவதற்கு. காரியதரிசி சந்திரமௌலி வக்கீல் அதை அழுத்திப் பார்த்து, இன்னும் மிருதுவாக வேண்டும் என்று இரண்டு தரம் திருப்பிக் கொடுத்திருந்தார்.

பிள்ளை பிறந்தால் தானே சுருங்கிவிடும், அதுவரை உட்காராதே என்றிருந்தாள் மருத்துவச்சி. நின்றுகொண்டு செய்கிற வேலை துணி வெட்டும் மேஜையில் உண்டு. ஆனால் கேட்காமல் பெஞ்சை விட்டு எழுந்தவள் வேலையையும் விட்டவள் என்பது கூடத்தின் சட்டம். அவள் புருஷன் அகஸ்டினுக்கோ மழைக்காலத்திலிருந்து வேலையில்லை.

பக்கத்தில் பொத்தான் தைக்கும் ஹாஜிரா பீ தான் கேட்பதாகச் சொன்னாள். வக்கீல் வந்ததும் எழுந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மானமாகச் சொன்னாள்.

"இதுக்கு மூலம் ஐயா. பெஞ்சி ஆவாது. மேஜைக்கு மாத்திவுடுங்க."

சந்திரமௌலியின் முகம் மலர்ந்தது. ஜாதகங்களைக் கொளுத்த வேண்டும் என்று போன மாதந்தான் பிரசங்கம் செய்திருந்தார். தம் பெண்ணின் ஜாதகம் மட்டும் பீரோவில் பத்திரமாக இருந்தது.

"மூலத்துல பொறந்தவா பெஞ்சுல உட்காரப்படாதா? எந்த ஜோஸ்யன் சொன்னான்? சர்ச்சுக்குப் போற வேதக்காரா நீங்களே இப்படின்னா, நாங்க என்ன பண்றது?"

"அந்த மூலம் இல்லீங்க. இது வேற மூலம்."

"எந்தப் பாதமா வேணா இருக்கட்டும். மூடநம்பிக்கைக்கு இங்கே இடமில்லை."

கணக்குப்பிள்ளை ஸ்ரீரங்கனுக்குப் புரிந்துவிட்டது. தினம் கருணைக்கிழங்கு தின்று, நாற்காலியில் துண்டை மடித்துப் போட்டு உட்காருகிறவர். இருமிவிட்டுக் குனிந்துகொண்டார்.

ஃப்ளோரன்ஸ் ஹாஜிராவின் முக்காட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள். "வுடுக்கா. ஆம்பளையாண்ட இன்னான்னு சொல்லுவே."

மாலையில் ராணியம்மாள் வந்தாள். மோட்டாரில் உட்கார்ந்து வந்தது போதும் என்று நின்றபடியே தாய்மையின் மகிமையைப் பற்றிப் பேசினாள். அவள் நிற்க, வக்கீலும் நின்றார். பிரமுகர்கள் எல்லோரும் நின்றார்கள். தைக்கிற பெண்கள் மட்டும், உத்தரவுப்படி, பெஞ்சில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் வாழ்த்துப் பாட்டு. பெண்களும் எழுந்தார்கள். ஃப்ளோரன்ஸ் எழவில்லை. புடவையின் பின்பக்கத்தைக் கையால் தொட்டுப் பார்த்து, விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

சந்திரமௌலி பாடிக்கொண்டே அவளைப் பார்த்துக் கையை உயர்த்தினார், எழுந்திரு என்று. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் வெல்வெட் மெத்தை ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இருந்தது.