படம் தெளிந்த நேரம்

அம்புரோஸின் முகம் பதிந்திருந்தது துறைமுக அடையாள அட்டையில் மட்டும்தான். கோதுமை மூட்டை இறக்கும்போது பளுக்கயிறு அறுந்து அவன் செத்த மறுநாள், ஒப்பந்தக்காரரின் ஆள் வந்து அதை வாங்கிக்கொண்டு போய்விட்டான். கல்யாணப் படம் எப்போதோ குடிசைத் தீயில் போயிருந்தது. அவன் மனைவி பிலோமியிடம் வேறு எதுவும் இல்லை.

ஆனால் சாவதற்கு இரண்டு மாதம் முன்பு டெலிவிஷன்காரர்கள் துறைமுகத்தைப் படம் பிடித்திருந்தார்கள். மூட்டையை இறக்கிவிட்டு கேமராவைப் பார்த்துச் சிரித்ததாக அம்புரோஸ் அன்று வீட்டில் சொன்னான். கூட வேலை செய்த ஜெயவேலும் பக்கத்தில் நின்றிருந்தான். அந்தப் படம் வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு என்று அறிவித்தார்கள்.

ராயபுரத்தில் அந்தத் தெருவுக்கே ஒரு டெலிவிஷன் பெட்டிதான். அது ரயில்வே கிளார்க் ஜேக்கப் வீட்டில் இருந்தது. உப்புக்காற்றில் ஆண்டெனா துருப்பிடித்துவிட்டதால் கறுப்புப் பட்டை ஒன்று திரையின் அடியிலிருந்து மேலே ஏறிக்கொண்டே இருக்கும். பார்ப்பவர்களும் படத்தை விட்டுவிட்டுப் பட்டையோடு தலையைத் தூக்குவார்கள். மொட்டை மாடியில் ஒருவர் ஆண்டெனாவைத் திருப்புவார். படம் தெளிந்ததும் கீழே அறை முழுவதும் ஜன்னல் பக்கம் திரும்பிக் கத்த வேண்டும். தாமதித்தால் அவர் இன்னும் திருப்பிப் படத்தைக் கெடுத்துவிடுவார். அந்தப் படம் வருமா என்று பார்க்க ஆறு வாரமாக வந்துகொண்டிருந்த பிலோமிக்கும் அது பழகியிருந்தது.

வியாழக்கிழமை ஜேக்கப்பின் மனைவி ஃப்ளோரன்ஸ் அவளை முன்னால் உட்கார வைத்தாள். ஜெயவேல் தானே மாடிக்குக் கிளம்பினான்.

“என் மூஞ்சிய தினம் கண்ணாடில பாத்துகினுதான் கீறேன். நீ பாரு தங்கச்சி.”

கிரேன்கள் வந்தன. பட்டையும் வந்தது. நாற்பது தலைகள் ஏறி இறங்கின. மூட்டை சுமந்தவர்கள் வரிசையாக வந்தார்கள்; ஒவ்வொரு முகத்தின் மேலும் பட்டை ஏறிப் போனது. பிலோமியின் கண்ணும் அதன் பின்னாலேயே போனது.

திடீரென்று படம் தெளிந்தது. வெயிலில் நனைந்த ஒரு தோள், இறங்கும் ஒரு மூட்டை. அறை முழுவதும் ஜன்னல் பக்கம் திரும்பி, போதும், அப்படியே வை என்று கத்தியது. எல்லாருக்கும் மேலே கேட்டது பிலோமியின் குரல்தான்.

திரும்பியபோது திரையில் ஒரு கப்பல் நின்றது. அதன் பெயரைப் படிக்க முடிந்தது.

அம்புரோஸ் தெரிந்தானா என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டாள். பட்டை இன்றைக்குத் தடிமன் என்றார் ஒருவர். கடைசியில் நன்றாகத் தெரிந்தது என்றாள் ஃப்ளோரன்ஸ், கப்பலைச் சொன்னாள். மறுபடி காட்டுவார்களா என்று பிலோமி ஜேக்கப்பிடம் கேட்டாள்.

“அவங்க இன்னா சினிமா கொட்டாயா வச்சிகீறாங்க, ரெண்டாவது ஆட்டம் போட?”

சிலர் சிரித்தார்கள். ஜெயவேல் கையில் ஒட்டிய துருவை வேட்டியில் துடைத்தபடி இறங்கி வந்தான்.

“நல்லா தெரிஞ்சானா?”

“தெரிஞ்சாரு. சிரிச்சாரு.”

“நானு?”

“நீயும்தாண்ணே. பக்கத்துல.”

“எந்தப் பக்கம்?”

பிலோமி செருப்பைத் தேடுபவள்போலக் குனிந்துகொண்டாள்.