நாற்பத்து நான்கு அங்குலம்

ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு நீலக் கோட்டு தைக்கும் அந்தப் பட்டறையில், துணியில் கத்தரி வைக்குமுன் ஒரு நொடி கண்ணை மூடிக் கடவுளை நினைப்பவள் கட்டிங் அக்கா ஒருத்திதான். வெட்டியதை ஒட்டவைக்க முடியாது என்பாள். இருபது வருஷத்தில் அவள் கை அரை அங்குலம் பிசகியதில்லை. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. அதற்கும் சேர்த்துத்தான் மன்னிப்புக் கேட்டுக்கொள்வாள்.

வேலைக்குச் சேர வந்த புதுப் பெண்ணை அந்தப் பெண்ணின் அக்காதான் கூட்டி வந்தாள். தங்கையை உள்ளே உட்கார வைத்துவிட்டு, வாசலில் நின்று கட்டிங் அக்காவிடம் தணிந்த குரலில் சொன்னாள்.

"பழைய கம்பெனி மேஸ்திரி இவளைக் கெடுத்துட்டான்க்கா. கேஸ் நடக்குது. ஸ்டேஷன்ல மூணு தடவை கேட்டாங்க, ஒரு தடவைகூட அவ சொன்னதைச் சொன்னபடி எழுதல. அப்புறம் ரெண்டு இடத்துல வேலைக்குப் போய்ப் பாதியிலயே வந்துட்டா. இங்கயும் நிலைக்கலன்னா மறுபடி வீட்டு ரூம்குள்ளயே சுருண்டுக்குவா. அப்புறம் என்னால எழுப்ப முடியாது."

"நான் பாத்துக்கறேன், நீ போம்மா" என்றாள் கட்டிங் அக்கா. மனசாரத்தான் சொன்னாள்.

பட்டறையில் தைக்கிறவர்களும் கோட்டு போடாமல் மெஷினில் உட்காரக் கூடாது. அதற்கு அளவெடுப்பதும் கட்டிங் அக்காவின் வேலைதான். ஆயிரம் பேருக்கு எடுத்துப் பழகிய கை. யோசிக்காமல் பின்னால் போய் நின்று, டேப்பை வீசி மார்பைச் சுற்றி வளைத்தாள்.

பெண் கத்தவில்லை. மரமாக நின்றாள். பிறகு டேப்பை உதறிவிட்டு ஓடிப்போய்க் கழிவறைக்குள் தாழ் போட்டுக்கொண்டாள்.

கட்டிங் அக்கா குனிந்து டேப்பை எடுத்தாள். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி முழுசாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

கதவருகே தரையில் உட்கார்ந்தாள். "தப்பு என்னோடதும்மா. கேக்காம தொட்டுட்டேன்."

கதவைத் தட்ட மனசு வரவில்லை. டேப்பையும் பென்சிலையும் ஒரு துண்டுக் காகிதத்தையும் கதவுக்கு அடியில் தள்ளினாள்.

"நீயே அளந்து எழுதிக் குடு. நீ எழுதினபடியே வெட்டறேன்."

வெகுநேரம் கழித்துக் காகிதம் வெளியே வந்தது. மார்பு நாற்பத்து நான்கு.

முப்பத்திரண்டைத் தாண்டாத உடம்பு அது. டேப்பை உடம்பில் படவிடாமல் எட்டப் பிடித்து அளந்திருக்கிறாள். எண்ணைத் திருத்திவிடக் கட்டிங் அக்காவின் விரல் பென்சிலைத் தேடியது. 'சொன்னதைச் சொன்னபடி எழுதல' என்ற குரல் காதில் விழுந்தது. அன்று ஒரு நொடிக்குமேலேயே கண்ணை மூடி நின்றாள். பிறகு நாற்பத்து நான்குக்கே வெட்டினாள்.

மறுநாள் பெண் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாள். பட்டன் தைப்பவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏண்டி, இது கோட்டா கூடாரமா? நாலு பேர் குடியிருக்கலாம் போலிருக்கே!"

பெண்ணின் கை கழுத்துப் பட்டனுக்குப் போனது. கண் வாசலுக்குப் போனது.

"அவளை ஏன் சொல்றே? நான்தான் தப்பா வெட்டிட்டேன்" என்றாள் கட்டிங் அக்கா.

மெஷின்கள் எல்லாம் ஒரு கணம் நின்றன.

"நீயா? அடி ஆத்தி! கண்ணாடியை மாத்துக்கா, இல்ல ஆளை மாத்திடப் போறாங்க."

அந்தக் கேலி ஒரு வாரம் ஓடியது. கட்டிங் அக்கா அந்தத் துண்டுக் காகிதத்தை யாருக்கும் காட்டவில்லை. பெண் கைப்பகுதியை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு தைத்தாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். கோர்ட்டுக்குப் போன நாட்களில் மட்டும் அவள் மெஷின் மூடிக் கிடக்கும். அடுத்த நாள் முகம் வீங்கி வருவாள். யாரும் எதுவும் கேட்காதபடி கட்டிங் அக்கா பார்த்துக்கொண்டாள்.

நாலாவது மாதம் ஒருநாள் அவளே வெட்டும் மேஜைக்கு வந்தாள்.

"அக்கா, தோள் மட்டும் சரியுது. தைக்கும்போது தடுக்குது."

கட்டிங் அக்கா டேப்பை மேஜைமேல் வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். பெண் அதை எடுத்து அவளிடமே நீட்டினாள்.

"நீங்களே எடுங்க. முன்னாடி நின்னு."

கட்டிங் அக்கா முன்னால் நின்று, "வைக்கட்டுமா?" என்று கேட்டு, தோளை மட்டும் அளந்தாள். விரலுக்கடியில் அந்தத் தோள் நடுங்கிக்கொண்டே இருந்தது. ஆனால் விலகவில்லை.

மார்பளவை அவள் கேட்கவில்லை, பெண்ணும் சொல்லவில்லை. அன்று தோள் தையலை மட்டும் பிரித்துத் திருத்தினாள். மற்றபடி கோட்டு நாற்பத்து நான்காகவே இருந்தது. அது குறைய எத்தனை வருஷம் ஆகுமோ, குறையவே குறையாதோ, கடவுளுக்குத்தான் தெரியும். மடித்து வைக்கும்போது அந்தத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கட்டிங் அக்கா கொஞ்சநேரம் அழுதாள்.