கராச்சி முதல் ஆரப்பாளையம் வரை

தந்தி வந்த நாளிலிருந்து உக்கிரபாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. பின்னே, இறங்குமா? தங்கை அழகம்மாளின் மகனுக்குப் புதன்கிழமை பத்தரை மணிக்கு மொட்டையும் காதுகுத்தும். பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். மூத்த தாய்மாமன் மலையாண்டி கராச்சியில் கட்டட மேஸ்திரியாகி நாலு காசு பார்த்தவர். ஊர்ப்பக்கம் தலைகாட்டி ஆறு வருஷமாகிறது. தங்கையின் பிரசவத்துக்கு வண்டி கட்டியதும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அலறியடித்து ஓடியதும் இளையவன் உக்கிரபாண்டிதான். அந்த உரிமை தனக்கே என்று நம்பியிருந்தான். இப்போது பார்த்தால், பெரியவர் திங்கள் காலை விமானத்தில் கிளம்பிப் புதன் காலை மதுரைக்கு வந்துவிடுவாராம்!

விளாங்குடி காபிக்கடையில் உக்கிரபாண்டி கணக்குப் போட்டான்.

"கராச்சிக்கும் மெட்ராசுக்கும் ஆயிரத்து முந்நூறு மைலாம். மணிக்கு நூறு மைல் பறக்குதுன்னே வச்சுக்குவோம். ஆனா திங்கக்கிழமை கிழக்கே சூலம்! ஆகாத திசையில எந்த மடப்பய கெளப்புவான்? செவ்வாய்தான் கெளம்புவான். நடுவுல எஞ்சினுக்குத் தண்ணி காட்டணும், அவுத்து விட்டு எளப்பாத்தணும். வெள்ளிக்கு முன்னால எங்கண்ணே வந்து புள்ளைய மடியில வச்சா, என் மீசைய எடுத்துர்றேன்!"

எல்லோரும் தலையாட்டினார்கள். விமானத்தைக் கண்டவர் அங்கே யாரும் இல்லை. சூலம் பார்க்காமல் சந்தைக்குப் போனவரும் இல்லை.

புதன் காலை ஸ்டேஷனுக்குப் போன வண்டிக்காரன் பேச்சிமுத்து தனியாகத் திரும்பி வந்தான்.

"அண்ணே, பெரியண்ணே வந்துட்டாக. திங்கக்கிழமை ஏறி, நேத்து மத்தியானமே மெட்ராசுல எறங்கிட்டாகளாம்."

உக்கிரபாண்டியின் கை தானாக மீசைக்குப் போனது. "ஆளு எங்கடா?"

"ஆத்துக்குத் தென்கரையில, ஆரப்பாளையத்துலயே உக்காந்துட்டாக. புதங்கிழமை வடக்கே சூலமாம், நாளைக்குத்தான் ஆத்தத் தாண்டுவாகளாம். திங்கக்கிழமை கிழக்கே பறந்தீகளேன்னு கேட்டேன். அத ஓட்டுனவன் வெள்ளக்காரன், அவன் பாவம் அவனுக்குன்னுட்டாக."

அடடா! ஆயிரத்து முந்நூறு மைலை ஒன்றரை நாளில் தாண்டிய மனுஷர் ரெண்டு மைலுக்கு ஒரு நாள் கேட்கிறார். சூலத்தைக் கண்டுபிடித்தவன் நல்லாயிருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு, உக்கிரபாண்டி பட்டுத் துண்டை இடுப்பில் கட்டி மனைப்பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"கொண்டா தாயி புள்ளைய. நேரமாகுதுல்ல."

அழகம்மாள் பிள்ளையைத் தரவில்லை. "ஏண்ணே, வடக்கே வரத்தானே சூலம்? நாம தெக்கே போகலாமுல்ல?"

காபிக்கடை முழுக்கக் கேட்கச் சூலம் பேசிய வாய் வேறென்ன சொல்லும்?

"போகலாம்" என்றான் உக்கிரபாண்டி.

பிள்ளை, காது குத்தும் ஆசாரி, மொட்டை போடும் சின்னான், தாம்பாளங்கள், காபிக்கடைக் கூட்டம் எல்லாம் வைகை மணலில் இறங்கித் தெற்கே நடந்தன. மனைப்பலகையைச் சுமந்தது உக்கிரபாண்டி. பாவி மனசு வழியெல்லாம் வலித்தது.

பத்தரைக்கு ஆரப்பாளையத்து வேப்பமரத்தடியில், கோட்டுப் போட்ட மலையாண்டி மடியில் பிள்ளை உட்கார்ந்தது. மொட்டை முடிந்தது. ஆசாரி காதைக் குத்தியதும் பிள்ளை வீறிட்டது. கோட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்து இன்னும் பலமாக வீறிட்டு, "மாமா!" என்று உக்கிரபாண்டியின் மேல் பாய்ந்து மடியில் முகம் புதைத்துக்கொண்டது.

உக்கிரபாண்டிக்குக் கண் நிறைந்து வழிந்தது. மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான்.

சின்னான் கத்தியைக் கழுவிக்கொண்டு எதிரே வந்து குந்தினான்.

"அப்படியே அசையாம உக்காருங்க. இன்னும் வெள்ளிக்கெழமை வரலையே."