அக்கா பெயரை எடுக்க வேண்டிய நாள்

அக்காவும் தங்கையும் சேர்ந்து நடத்திய தொழிலைப் பிரிக்கப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, வக்கீலும் எழுதிக் கொடுத்துவிட்டார். மேசை, நாற்காலி, பிரிண்டர் எல்லாம் பங்கு போட்டாயிற்று. அக்கா வரைந்த வீட்டுப் படங்களின் நகலும் அவள் கைக்குப் போய்விட்டது. பாக்கி ஒன்றே ஒன்று. இன்று மாலைக்குள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பொதுவான டிரைவில் இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டரிலிருந்தும் அக்காவின் பெயரை எடுத்துவிட வேண்டும். அதைச் செய்ய வேண்டியவள் தங்கை. யார் எதைத் திறக்கலாம், யார் எதில் கை வைக்கக் கூடாது என்று அனுமதி கொடுப்பதும் பிடுங்குவதும் ஆதியிலிருந்தே சின்னவள் வேலை.

தொழில் பிரிவதில் அவளுக்குப் பெரிய வருத்தம் கிடையாது. ஊரில் எத்தனையோ பேர் பிரிகிறார்கள், மறுநாள் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். ஆறு மாதமாக அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் உறுத்தியது. இன்று மாலை பையை எடுத்துக்கொண்டு பேசாமலே போய்விட்டால் அப்புறம் பேச்சு எங்கிருந்து வரும்? அம்மா இருவருக்கும் நடுவில் தூது போய்ப் போய் அலுத்து, "ரெண்டு பேரும் எப்படியோ போங்க" என்று கையை உதறிவிட்டாள்.

முதல் ஃபோல்டரைத் திறந்தாள். அனுமதிப் பட்டியலில் அக்கா பெயர் மேலே, தன் பெயர் கீழே. பெயரை எடுக்க ஒரு சொடுக்குப் போதும். ஆனால் சின்னவளுக்குக் கை வரவில்லை, பழசெல்லாம் வந்தது.

அப்பாவின் பெயிண்ட் கடைக்கு மேலே ஓர் அறை. வருகிறவர்கள் படியேறும்போதே தின்னர் வாடையில் தும்முவார்கள். அக்கா வீடு வரைவாள், சின்னவள் செலவுக் கணக்குப் போடுவாள். இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு கேபிள், கூரையில் டேப் போட்டு ஒட்டியது, கோடையில் பசை இளகி வாடிக்கையாளர் தலைமேல் தொங்கும். டிரைவில் ஒரே ஒரு பெரிய ஃபோல்டர், அதற்குள் வீட்டுக்கு ஒன்றாகச் சின்ன ஃபோல்டர்கள், எல்லாருக்கும் முழு அனுமதி. எல்லாரும் என்றால் இரண்டு பேர்.

அக்காவுக்கு மௌஸில் கை நிற்காது. ஒரு ஃபோல்டரைத் தொட்டு இழுத்து, தெரியாமல் பக்கத்து ஃபோல்டருக்குள் போட்டுவிடுவாள். காலையில் டாக்டர் வீட்டைக் காணோம் என்று இருவரும் அடித்துப் பிடித்துத் தேடினால், அது பேக்கரிக் கடையின் ஃபோல்டருக்குள் நிம்மதியாக இருக்கும். அக்கா கை பட்டால் அஸ்திவாரத்தோடு வீடு நடக்கும் என்று சின்னவள் சொல்லிக் காட்டுவாள். அக்கா ஸ்கேலை ஓங்குவாள். வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அந்த நாட்கள் நன்றாக இருந்தன. கையில் காசில்லை, அறையில் காற்றில்லை, ஆனாலும் அதைவிட நல்ல நாட்கள் அப்புறம் வரவேயில்லை என்று சின்னவளுக்கு இப்போது தோன்றியது.

தொழில் வளர்ந்தது. கடைத்தெருவில் இரண்டு அறை ஆபீஸ், ஆளுக்கு ஒரு அறை, நடுவில் சுவர். ஆட்களும் சேர்ந்தார்கள், டிரைவில் பூட்டும் சேர்ந்தது. முடிந்த படங்களுக்குத் தனி ஃபோல்டர். ஆனால் அக்காவுக்கு ஒரு படமும் முடியாது. கொத்தனாருக்குக் கொடுத்த பிறகும் உள்ளே போய் ஜன்னலை ஓர் அடி நகர்த்துவாள். ஒரு வீட்டில் ஜன்னல் வர வேண்டிய இடத்தில் சுவர் எழும்பி, இடித்துக் கட்ட வேண்டியதாயிற்று. அன்றைக்கே சின்னவள் அந்த ஃபோல்டரில் அக்காவுக்குப் பார்க்க மட்டும் அனுமதி வைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள், சொல்லவில்லை.

மறுநாள் ஒரு வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து, முடிந்த படம் ஒன்றைத் திருத்தி அக்கா சேவ் கொடுத்தாள். அனுமதி இல்லை என்றது திரை. உங்கள் ஆபீஸில் உங்களுக்கே அனுமதி கிடையாதா என்று அந்த ஆள் சிரித்துவிட்டார். அக்கா சண்டை போட்டிருந்தால் ஒரு நாளில் தீர்ந்திருக்கும். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள், அன்றோடு பேச்சு நின்றது. பூட்டியது தப்பில்லை, சொல்லாமல் பூட்டியதுதான் தப்பு என்று சின்னவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன, வாய் திறந்தால் அல்லவா?

பெயரை எடுக்கும் முன் ஒன்று பார்க்க வேண்டும். பெயர் போகப் போகிறவர் ஏதாவது கோப்பைத் திறந்து வைத்திருக்கிறாரா என்று டிரைவ் இருக்கும் சர்வரில் ஒரு பட்டியல் காட்டும். வேலை நடக்கும்போது அனுமதியைப் பிடுங்கினால் சேவ் ஆகாமல் போகும், அதனால் யாராயிருந்தாலும் முதலில் பார்ப்பது அவள் வழக்கம். பார்த்தாள். அக்கா பெயருக்கு நேரே ஒரு கோப்பு இருந்தது. பங்கில் வராத, யாரும் பணம் கொடுக்காத ஒரு படம்.

பெயிண்ட் கடை நாட்களில், வேலை வராத ஒரு மதியம், இருவரும் விளையாட்டாக வரைந்த வீடு அது. ஒரே மனையில் ஒட்டினாற்போல இரண்டு வீடு, அக்காவுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. நடுவில் முழுச் சுவர் வேண்டும் என்று சின்னவள்தான் அடம்பிடித்தாள். இல்லாவிட்டால் அக்கா பொழுது விடிந்ததும் வந்து நாட்டாமை செய்வாளாம். அந்தப் படத்தைத்தான் அக்கா இப்போது ஆபீஸ் சுவருக்கு அந்தப் பக்கம் திறந்து வைத்திருக்கிறாள். பார்க்க மட்டுமல்ல, திருத்தவும்.

சின்னவளும் அதைத் திறந்தாள். இன்னொருவர் கையில் இருக்கிறது, பார்க்க மட்டும் முடியும் என்று திரை சொன்ன பிறகு படம் வந்தது. அக்கா கொஞ்சம் முன்புதான் சேவ் செய்திருக்கிறாள். நடுச்சுவரில் புதிதாக ஒரு கதவு இருந்தது. அது நேராகத் தங்கை வீட்டு அடுப்பில் போய்த் திறந்தது.

சின்னவளுக்குக் கண் நிறைந்தது. கூடவே கோபமும் வந்தது. இத்தனை வருஷம் வீடு வரைந்தவள் வைக்கிற கதவா இது? அனுமதிப் பட்டியலை அப்படியே மூடிவிட்டு எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள். அக்கா திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"அடுப்புக்கு நேரா யாராவது கதவு வைப்பாங்களா?"

அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"வேற எங்க வைக்கிறது? நீ எப்பவும் அங்கதானே நிப்ப."

"கதவத் திறந்தா என் மேலதான் இடிக்கும்."

"அப்போ தள்ளி வை," என்றாள் அக்கா, அப்போதும் திரும்பாமல். "இரு, நான் படத்த மூடிட்டு வெளிய வந்துடறேன். நான் திறந்து வெச்சிருந்தா உன்னால மாத்த முடியாது."