பன்னிரண்டு எவர்சில்வர் தட்டுகளும் ஒரு பணப்பையும்

2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 14ஆம் நாள், சனிக்கிழமை. காலை முதலே வானம் மேகமூட்டத்துடன் காணப்பட்டது. மழை பெய்யவில்லை. புழுக்கம் மிகுதியாக இருந்தது. தென்மேற்கிலிருந்து அவ்வப்போது வீசிய காற்று நாற்றங்காலை அசைத்ததே தவிர, மனிதருக்கு யாதொரு பயனும் அளிக்கவில்லை.

அன்று மாலை ஆறு மணிக்குள் எங்கள் மருமகன் ரெஜின், தம்மிடம் பணம் இருப்பதைத் திரு. சந்தானகிருஷ்ணன் அவர்களிடம் காட்டியாக வேண்டும். காட்டினால், திருவிடைமருதூருக்குத் தெற்கே உள்ள மூன்று மா நிலத்துக்குக் கிரய ஒப்பந்தம் எழுதப்படும். காட்டாவிட்டால், அந்த நிலம் வீட்டுமனை வியாபாரி ராஜராஜனுக்குப் போய்விடும். மூன்று மா என்பது ஏறக்குறைய ஓர் ஏக்கர். திருமணமாகி வந்த ஆண்டு முதல் குத்தகைக்கு நான் நட்டு, களையெடுத்து, அறுத்து வருகிற நிலம் அதுவே. அதில் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்பது எனக்குத் தெரியும். ராஜராஜனுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை.

சந்தானகிருஷ்ணன் சென்னையில் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முந்தைய வாரமே தெளிவாகக் கூறிவிட்டார்.

"சவரியம்மா, உனக்குத் தரதுல எனக்குச் சந்தோஷம்தான். ஆனா பணம் இருக்குன்னு நான் கண்ணால பாக்கணும். சனிக்கிழமை ஆறு மணி வரைக்கும் இங்க என் தம்பி ஆத்துல இருப்பேன். அப்புறம் ரயிலுக்குக் கிளம்பிடுவேன்."

இனி, பணத்தைப் பற்றிக் கூறுவேன். ரெஜின் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குப் படங்கள் வரைந்து கொடுப்பவர். அந்நிறுவனம் அவருக்குக் கிரிப்டோவாக ஊதியம் அளிக்கிறது. கிரிப்டோ என்பது கையால் தொட இயலாத, ஆயினும் செலவழிக்க இயலுகிற பணமாகும். அது கைப்பேசியில் உள்ள பணப்பை ஒன்றின் வழியாகக் கையாளப்படுகிறது. கைப்பேசி கெட்டுவிட்டால், அப்பணப்பைக்கு உரிய பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களை வரிசை பிறழாமல் வேறொரு கைப்பேசியில் எழுத வேண்டும். பணம் மீண்டும் கிடைக்கும். அச்சொற்களும் தொலைந்துவிட்டால் எவராலும் மீட்க இயலாது. மனு அளிக்க அலுவலகம் இல்லை. காலில் விழுவதற்கு அதிகாரியும் இல்லை.

ரெஜினின் கைப்பேசி வியாழக்கிழமையன்று வாய்க்காலில் விழுந்தது. மடையைத் திறந்து கொடுக்கிறேன் என்று தாமே முன்வந்து குனிந்தார். அது சட்டைப் பையிலிருந்து நழுவியது. சேற்றில் துழாவியதில் கைப்பேசி கிடைத்தது. உயிர் கிடைக்கவில்லை.

அவர் கலங்கவில்லை. காகிதம் வெள்ளத்தில் கரையும் என்பதை முன்பே உணர்ந்து, கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் பன்னிரண்டு எவர்சில்வர் தட்டுகளை வாங்கி, ஒவ்வொன்றின் அடிப்புறத்திலும் ஒவ்வொரு சொல்லை வெட்டச் செய்திருந்தார். வரிசையைக் குறிக்க, சொல்லின் கீழே ஒன்று முதல் பன்னிரண்டு வரை புள்ளிகளும் குத்தப்பட்டிருந்தன. திருடன் தட்டைத் திருடுவான். படிக்கமாட்டான் என்பது அவருடைய கணிப்பு. அது சரியான கணிப்பே.

சனிக்கிழமை காலை, புதிய கைப்பேசியுடன் அவர் அலமாரியைத் திறந்தார். தட்டுகள் இல்லை.

"மாமா, இங்க இருந்த தட்டெல்லாம் எங்க?"

என் கணவர் இருதயசாமி நாளிதழில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். "திருவிழா சாப்பாட்டுக்குக் குடுத்தேன். ஏன்?"

"தொடக் கூடாதுன்னு சொன்னேனே மாமா!"

"தொடக் கூடாதுன்னுதான் சொன்னீங்க. கோணியில போட்டுத்தான் தூக்கிட்டுப் போனேன்."

எங்கள் பங்குக் கோயில் மாதா திருவிழாவின் நிறைவு நாளில் ஊருக்கே விருந்து நடைபெறும். அதற்கு வீடுதோறும் தட்டுகள் பெறப்படும். விருந்து முடிந்து கழுவிய பின்னர், வெட்டியிருக்கும் பெயரைப் பார்த்து உரியவரிடம் ஒப்படைப்பது வழக்கம். எங்கள் பகுதியில் பெயர் வெட்டாத பாத்திரத்தை எவரும் இரவல் கொடுப்பதில்லை. ரெஜின் லுத்தரன் குடும்பத்தைச் சேர்ந்தவர். எங்கள் கோயில் விருந்துக்குப் பின் நடக்கும் பாத்திரப் பிரிவினையை அவர் பார்த்ததில்லை.

"சரி, விருந்து முடிஞ்சதும் நம்ம தட்டைத் திருப்பி எடுத்துட்டு வரலையா?" என்று நான் கேட்டேன்.

"நம்ம பேரு இருந்தாத்தானே எடுக்க முடியும்? என்னமோ இங்கிலீசுல இருந்துச்சு. ஞானாம்பாள் டீச்சரைப் படிக்கச் சொன்னேன். டாக்டர்னு இருந்ததை டாக்டரம்மாவுக்குக் குடுத்தேன். ரைஸ்னு இருந்துச்சு, ரைஸ் மில்லுக்கு. ஸ்கூல்னு இருந்தது ஸ்கூலுக்கு. எல்லாம் உரியவங்க கையில பத்திரமா சேத்துட்டேன்" என்றார் அவர். அவருடைய குரலில் பணியைச் செவ்வனே முடித்தவரின் நிறைவு இருந்தது.

ரெஜின் தலையில் கை வைத்து அமர்ந்தார்.

"மாப்பிள்ளை, சொல்லு தெரிஞ்சா போதாதா? டாக்டர், ரைஸ், ஸ்கூல்னு எழுதிக்கங்க" என்றேன்.

"வரிசை வேணும் அத்தை. அடியில இருக்கிற புள்ளியைப் பாத்தாத்தான் வரிசை தெரியும். யார்கிட்டயும் காரணம் சொல்லாதீங்க. போன்ல போட்டோவும் கேக்க வேண்டாம். வெளிய தெரிஞ்சா எவனாவது எடுத்துடுவான்."

எனவே நேரில் செல்வதென முடிவாயிற்று. முதலில் ஆட்டோ நிறுத்தத்துக்குச் சென்றோம். ஓட்டுநர் ஷேக் பரீத் தம் ஆட்டோவின் பின் இருக்கையில் அமர்ந்து, நாங்கள் தேடி வந்த தட்டிலேயே எலுமிச்சைச் சோறு உண்டுகொண்டிருந்தார்.

"பாய், அந்தத் தட்டு எங்க வீட்டுத் தட்டு" என்றேன்.

"என்னக்கா சொல்றீங்க? அண்ணன்தானே கொண்டாந்து குடுத்தாரு. ஆட்டோன்னே வெட்டியிருக்கு, உங்க சங்கத்துக்கு யாரோ நன்கொடை குடுத்திருக்காங்கன்னாரு. சங்கத்துல தீர்மானமே போட்டுட்டோம்."

"என்ன தீர்மானம்?"

"முகம் தெரியாத அந்த நல்ல மனுசனுக்கு நன்றின்னு."

ரெஜின் தட்டின் அடியை எட்டிப் பார்க்க முயன்றார். பரீத் தட்டை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். "தம்பி, சாப்பிடுற தட்டுக்கு அடியில குனிஞ்சு பாக்குறீங்களே, உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டு, உண்டு முடித்துக் கழுவி, அதில் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துக் கொடுத்தார். வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது எங்கள் ஊரில் மரியாதை ஆகாது.

மற்ற வீடுகளுக்கும் அவருடைய ஆட்டோவிலேயே சென்றோம். அந்த மரியாதையே எங்கள் நேரத்தை உண்டது. ரைஸ் மில்லில் அரிசி அளந்து வைக்கும் வரை காத்திருந்தோம். பள்ளிக் காவலாளி வீட்டுக்கு ஓடிச் சென்று முறுக்கு எடுத்து வந்தார். டாக்டர் பிரியம்வதா எதையும் வைக்காமல் கொடுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ என் இரத்த அழுத்தத்தைச் சோதித்து, மாத்திரைப் பட்டை ஒன்றைத் தட்டில் வைத்து, "காலைல ஒண்ணு, தவறாம போடுங்க" என்றார். என் கணவர் ஒவ்வொரு தட்டையும் உள்ளிருந்த பொருளோடு மடியில் ஏந்திக்கொண்டு ஆட்டோவில் ஆடாமல் அமர்ந்திருந்தார்.

வக்கீல் வெங்கட்ராகவன் வாயிற்படியிலேயே எங்களை நிறுத்தினார். அவருக்குச் சென்றிருந்த தட்டில் வழக்கு என்பதற்கான ஆங்கிலச் சொல் வெட்டப்பட்டிருந்தது.

"ஓ, இது நீங்க அனுப்பினதா? லாசூட்டுன்னு வெட்டி, தட்டை வீட்டுக்கே அனுப்பறேளே, இதுக்கு என்ன அர்த்தம்? என் மேல யார் கேஸ் போடறான்னு ஒரு வாரமா தூக்கம் இல்லை எனக்கு."

"உங்க தட்டுன்னு நெனச்சேங்க" என்றார் என் கணவர்.

"என் தட்டுல நான் எதுக்குங்காணும் லாசூட்டுன்னு வெட்டிக்கறேன்?"

"டாக்டரம்மா டாக்டர்னு வெட்டியிருக்காங்களே!"

வக்கீல் அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டார். பிறகு உள்ளே சென்று, தட்டில் நான்கு வெற்றிலையும் பாக்கும் வைத்துக் கொண்டுவந்து தந்தார். வழக்கு எதுவும் இல்லை என்பதை எழுதித் தருமாறு கேட்டார். எழுதிக் கொடுத்தேன். பத்தாம் வகுப்பை ஐம்பத்தோராம் வயதில் தனித்தேர்வராக எழுதித் தேறியவள் நான். கையெழுத்தில் எனக்குக் குறை இல்லை.

மாலை ஐந்து மணி ஆகும்போது பதினொரு தட்டுகள் சேர்ந்திருந்தன. ஏழு புள்ளிகள் உள்ள தட்டு மட்டும் இல்லை.

"மாமா, இன்னும் ஒண்ணு யாருக்குக் குடுத்தீங்க?"

"அது ராஜராஜன் தம்பிக்கு. ரெண்டு மூட்டை அரிசி குடுத்தாரே விருந்துக்கு."

பரீத் இயந்திரத்தை நிறுத்தினார்.

"அவர்தான் மாமா நம்ம நிலத்தைக் கேக்குறாரு" என்றார் ரெஜின்.

"அது வேற, இது வேற. இப்பதான் போன் பண்ணிக் கேட்டேன். தட்டு ஆபீஸ்ல இருக்கு, சாவி என் கையில இருக்கு, நான் சந்தானகிருஷ்ணன் சார் வீட்ல உக்காந்திருக்கேன், இங்க வேலை முடியட்டும், நாளைக்கு வாங்கிக்கங்கன்னாரு. மரியாதையான பையன்."

நான் என் கணவரைப் பார்த்து, "அந்தத் தட்டுல என்ன எழுதியிருந்துச்சு? டீச்சர் என்ன படிச்சாங்க?" என்று கேட்டேன்.

"அதுக்குள்ள டீச்சர் வீட்டுக்குப் போய்ட்டாங்க. இந்த எழுத்தை எங்கேயோ பாத்திருக்கோமேன்னு நானே யோசிச்சேன். மெயின் ரோட்டுல ராஜராஜன் தம்பி வச்சிருக்காரே, பெரிய போர்டு? அதுல இருக்கிற எழுத்துதான். நேர்ல போயி, தட்டைத் தூக்கிப் பிடிச்சு, ஒத்துப் பாத்துட்டுத்தான் குடுத்தேன். நான் ஒண்ணும் கண்ணை மூடிக்கிட்டுக் குடுக்கலை."

ரெஜின் நிமிர்ந்தார். "பாய், போர்டுக்கு விடுங்க" என்றார்.

அந்த விளம்பரப் பலகை மயிலாடுதுறைச் சாலையில், வயலின் நடுவே இரண்டு இரும்புத் தூண்களின் மேல் நிற்கிறது. நீச்சல் குளமும், அதன் அருகே நாய்க்குட்டியுடன் சிரிக்கும் குடும்பமும் அதில் வரையப்பட்டிருந்தன. ராயல் கார்டன் என்று பெரிய ஆங்கில எழுத்துகளில் இருந்தது. அதன் கீழே கடன் வசதி முதலான விவரங்கள் இருந்தன. ரெஜின் சாலையோரக் கல்லில் அமர்ந்து, பதினொரு தட்டுகளையும் கவிழ்த்து வரிசைப்படுத்தச் சொன்னார். கவிழ்க்கும் முன் அரிசி, முறுக்கு, பழம், மாத்திரை ஆகியவற்றை என் முந்தானையில் வாங்கிக்கொண்டேன்.

"மாமா, பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?"

"தட்டுல எல்லாம் ஒரே அளவுதானே மாப்பிள்ளை?"

ரெஜின் ஏழாம் இடத்தில் ராயல் என்ற சொல்லை இட்டார். செல்லாது என்று கைப்பேசி தெரிவித்தது. கார்டன் என்று இட்டார். பணப்பை திறந்தது.

"திறந்துடுச்சு அத்தை!" என்று கூவினார். அடுத்த கணமே அவர் முகம் வெளிறியது. பணப்பையில் ஒன்றும் இல்லை. பூச்சியம் என்று காட்டியது.

"எடுத்துட்டாங்க. எல்லாத்தையும் எடுத்துட்டாங்க."

சாலைக்கு அப்பால் தெரிந்த என் நாற்றங்காலை நான் பார்த்தேன். அடுத்த வாரம் பறித்து நட வேண்டிய நாற்று அது. நடுவதற்கு நிலம் இருக்குமா என்பது அந்தப் பன்னிரண்டு சொற்களின் கையில் இருந்தது.

"மாப்பிள்ளை, அது நம்ம பைதானான்னு முதல்ல பாருங்க. நீங்க எப்பவாச்சும் பணம் எடுத்திருந்தா அதுல தெரியுமில்ல?"

அவர் பார்த்தார். வரவும் இல்லை, செலவும் இல்லை. தவறான சொல்லே சில வேளைகளில் வேறொரு பணப்பையைத் திறந்துவிடும் என்பதை அவர் அப்போதுதான் நினைவுகூர்ந்தார். அது எவருக்கும் உரியதல்லாத வெற்றுப் பணப்பை. பதற்றத்தில் படித்தவருக்கும் இது மறந்துபோகும்.

லோன் என்று இட்டார். செல்லாது. சிட்டி என்று இட்டார். செல்லாது. இத்தகைய பணப்பைகளுக்கென்றே ஒரு சொற்பட்டியல் உண்டு, பலகையில் இருந்த பிற சொற்கள் அதில் இல்லை என்றார்.

"கீழ இன்னொண்ணு இருக்கே" என்று பரீத் காட்டினார். பலகையின் அடிவிளிம்பில், ஆளுயரப் புல் மறைத்த இடத்தில், பேருந்து நிலையத்துக்கு அருகில் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அங்கிருந்து பேருந்து நிலையம் ஏழு கிலோமீட்டர்.

"நியர்" என்று படித்தார் ரெஜின். அச்சொல்லை இட்டார்.

பணப்பை திறந்தது. அவர் ஈட்டியவை யாவும் வரவு, செலவு, நாள் குறிப்புடன் அதில் இருந்தன.

"இதேதான். தட்டைப் புல்லுக்குள்ள வச்சு ஒத்துப் பாத்தது இப்ப ஞாபகம் வருது" என்றார் என் கணவர்.

"இப்ப வருதா?" என்றேன்.

பரீத் ஆட்டோவை விரட்டினார். சந்தானகிருஷ்ணன் கூடத்தில் பையுடன் ஆயத்தமாக இருந்தார். எதிரே ராஜராஜன் அமர்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து வணங்கினார். ரெஜின் கைப்பேசியை நீட்டினார். சந்தானகிருஷ்ணன் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ரூபாயில் எவ்வளவு என்று இருமுறை கேட்டார். தம் கைப்பேசியில் தாமும் பெருக்கிப் பார்த்தார்.

"இருக்கு" என்றார். பிறகு ராஜராஜனை நோக்கி, "தப்பா நெனச்சுக்காதேப்பா, வார்த்தை குடுத்துட்டேன்" என்றார்.

"பரவாயில்ல சார்" என்றார் ராஜராஜன். என் கணவர் பக்கம் திரும்பி, "அய்யா, நாளைக்கு அந்தத் தட்டை வாங்கிக்கங்க. ஆபீஸ்ல பால்காரர் பாக்கெட் வைக்கிறதுக்குன்னு எடுத்து வச்சிருக்கோம்" என்று கூறிவிட்டு வெளியேறினார்.

முத்திரைத்தாள் விரிக்கப்பட்டது. வாங்குபவர் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது.

"இருதயசாமி பேருதானே?" என்று சந்தானகிருஷ்ணன் பேனாவைத் திறந்தார்.

"இல்ல சார், அத்தை பேரைப் போடுங்க" என்றார் ரெஜின்.

என் கணவர் நிமிர்ந்தார். "ஏன் மாப்பிள்ளை, என் பேருக்கு என்ன?"

"உங்க பேருல இருந்தா யாராவது வந்து கேப்பாங்க மாமா. அடுத்த திருவிழாவுக்கு இரவல் குடுத்துடுவீங்க."

அனைவரும் சிரித்தனர். என் கணவரும் சிரித்தார். பிறகு, "கேட்டா எப்படிங்க இல்லேங்கிறது?" என்று மெய்யாகவே வினவினார். சந்தானகிருஷ்ணன் வெறுமையான இடத்தில் சவரியம்மாள் என்று எழுதி, தம் கையொப்பத்தை இட்டார். அதன் கீழ் நான் என் கையொப்பத்தை இட்டேன். அப்போது மாலை மணி ஐந்து ஐம்பத்து மூன்று.