கயிற்றின் மேல்முனை

காலை பத்து மணிக்கே காரின் கதவுப் பிடி கையைச் சுட்டது. கோஸ்டா சட்டை நுனியால் அதைப் பிடித்துத் திறந்து இறங்கினான். தெற்கே கடலோரத்தில், போர்ட் அகஸ்டாவில் மீன்கடையைப் பூட்டிவிட்டு இருட்டிலேயே கிளம்பியவன்.

மனைவி சோர்கா குழிக்குள் இருந்தாள். ஓபல் என்ற மணிக்கல்லுக்காக அவளுடைய அப்பா தோண்டி விட்டுப்போன குழி. ஒரு குளிர்காலம் மட்டும் தோண்டிப் பார்க்கிறேன் என்று வந்தாள். கோடையில் இங்கே வெயில் தாங்காமல் பாதி ஊர் கடற்கரைப் பக்கம் போய்விடும். அவள் போன கோடையிலும் வீட்டுக்கு வரவில்லை, இந்தக் கோடையிலும் வரவில்லை.

குழிவாயில், கயிற்றில் ஆளை ஏற்றி இறக்கும் வின்ச் இயந்திரத்துக்குப் பக்கத்தில் லையல் நின்றிருந்தான். அவளுடைய கூட்டாளி. முன்பல் ஒன்று இல்லை. அந்த ஓட்டையைப் பார்த்ததும் கோஸ்டாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

"வாங்க தலைவரே. மீன் கொண்டாந்தீங்களா?"

"இந்த வெயில்லயா?"

"வழியிலேயே வெந்திருக்கும். எண்ணெய்ச் செலவு மிச்சம்."

கயிறு இரண்டு முறை அசைந்தது. லையல் திரும்பிப் பார்க்கவில்லை, கை மட்டும் வின்ச்சின் பிடிக்குப் போனது. இயந்திரம் உறுமியது. கயிற்றில் தொங்கிய தோல்பட்டையில் உட்கார்ந்தபடி சோர்கா இருட்டிலிருந்து மேலே வந்தாள். இமை முடி வரை வெள்ளைப் புழுதி.

"இடது பக்கம் மண் மாறுது" என்றாள் லையலிடம்.

"கல்லோட நிறம் தெரியுதா?"

"இன்னும் இல்ல." பிறகுதான் திரும்பினாள். "கோஸ்டா! எப்ப வந்தே?"

மதியம் மூவரும் தகரக் கூரை நிழலில் சாப்பிட்டார்கள். ரொட்டிக்குள் ஆட்டிறைச்சி. லையல் ஒன்றைப் பிரித்து, வெங்காயத்தை எடுத்துப் போட்டுவிட்டு அவளிடம் நீட்டினான். அவள் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை.

"எப்பருந்து வெங்காயம் சாப்பிடறதில்ல?" என்றான் கோஸ்டா.

"கீழ ஏப்பம் விட்டா அது போக எடம் இல்ல."

லையல் வாய்விட்டுச் சிரித்தான். அந்தப் பல் ஓட்டை இப்போது நிம்மதி தரவில்லை.

சாப்பிட்டதும் லையல் டீசல் வாங்கப் போனான். சோர்கா நிழலை விட்டு எழவில்லை.

"நான் மேல நிக்கிறேன். நீ எறங்கு" என்றான் கோஸ்டா.

"லையல் வரட்டும்."

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"கை இருக்கு. மேல நிக்கிறவன் வேற எதையும் நெனைக்கக் கூடாது. நீ நெனைப்பே."

"உன்னத்தானே நெனைப்பேன்."

"அதத்தான் சொல்றேன்."

"பன்னண்டு வருஷம் உன் பக்கத்துல படுத்தவன் நான். அவன நம்புவே, என்ன நம்ப மாட்டியா?"

அவள் கைப் புழுதியைத் தட்டினாள். எழுந்து தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு பட்டையில் உட்கார்ந்தாள்.

"ஒரு இழுப்புன்னா நிறுத்து. ரெண்டுன்னா தூக்கு. கத்தாதே, அடியில எதுவும் கேக்காது."

மெதுவாக இறக்கினான். கயிறு ஒரு முறை அசைந்ததும் நிறுத்தினான். தவறு எதுவும் நடக்கவில்லை. யாராவது பார்த்திருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

வெகுநேரம் கழித்துக் கயிறு இரண்டு முறை அசைந்தது. பிடியை அழுத்தினான். அவள் தலைக்கவசத்தின் விளக்கு ஏறி வந்தது. அதன் பின்னால் அவள் முகம் அண்ணாந்து, அவனுடைய கையை மட்டும் பார்த்தது. ஊரில் ஒருநாளும் அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை. இங்கே ஒருவன் தினமும் இதைப் பார்க்கிறான்.

பிடியைத் திருப்பினான். குழிவாய்க்கு ஓர் ஆள் உயரம் கீழே அவள் தொங்க, கயிறு நின்றது.

"என்ன, நின்னுபோச்சா?"

"நிக்கல. நான்தான் நிறுத்தினேன்."

"வெளையாடாதே, கோஸ்டா. லையல் பாத்தா அறைஞ்சிடுவான்."

அந்தப் பெயரை அவள் இப்போது சொல்லாமல் இருந்திருக்கலாம். கோஸ்டா குழிவாயில் குனிந்தான்.

"வீட்டுக்கு வர்றியா, இல்லையா? மேல வந்து சொல்ல வேணாம். அங்கருந்தே சொல்லு."