விசில் இல்லாத அருவி

ஆனந்தவள்ளியின் பெயரைத் திரையில் பார்த்தாலே ஜோயலுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு காலத்தில் தென்காசியில் ஒரே கம்பெனியில் அடுத்தடுத்த நாற்காலி. அக்கா, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டவன்தான். வாடிக்கையாளர் முன்னால் ஸ்பீக்கர் கரகரத்த அன்று, "இவங்க எழுதுன புரோகிராம்தான் சார்" என்று இவன் அவள் பக்கம் கையை நீட்டிவிட்டான். அன்றோடு பேச்சு அறுந்தது.

இப்போது அவள் இலஞ்சியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம் என்று உலகத்துக்கே திறந்து வைத்த ஓர் இயங்குதளம். அதன் மையமான கர்னலில் ஒலிப் பகுதிக்கு அவள்தான் காவல். அவள் சரி என்றால்தான் எதுவும் உள்ளே போகும். ஜோயல் அனுப்பிய இரண்டு நிரல்களை ஈவிரக்கமில்லாமல் திருப்பியடித்திருந்தாள். கர்னலில் தன் பெயர் ஒரு தடவையாவது ஏற வேண்டும், அவனுக்கு வேறு ஆசையே இல்லை.

மூன்றாவதாக ஒரு மைக் பலகைக்கு நிரல் எழுதினான். பலகை, கேட்கிற சத்தத்தைத் துண்டு துண்டாக நினைவகத்தில் போட்டுக்கொண்டே இருக்கும். நிரல் அதை விடாமல் எடுத்து அனுப்ப வேண்டும். வீட்டில் "ஹலோ, ஹலோ" சொல்லிப் பார்த்தான், சரியாகவே இருந்தது. ஆனால் அவள் நீளமான பதிவு கேட்பாள். நிற்காத சத்தம்தான் நடுவில் இடைவெளி விழுந்தால் காட்டிக்கொடுக்கும் என்று யோசித்து, சீசன் ஞாயிற்றுக்கிழமை பலகையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு குற்றாலம் மெயின் அருவிக்குப் போனான். ஒரு மணி நேரப் பதிவு. போட்டுக் கேட்டால் சீரான தண்ணீர், ஓர் இடத்திலும் அறுபடவில்லை. இப்போது என்ன சொல்கிறாள் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டான்.

மறுநாளே பதில் வந்தது. தனியாக இல்லை, ஊர் உலகமே படிக்கிற மடல் குழுவில். 'இது அருவியில் எடுத்த பதிவே இல்லை. ஏமாற்று வேலை.'

ஜோயல் போனை எடுத்தான்.

"யாரப் பாத்து ஏமாத்துன்னு சொல்லுதிய? நனைஞ்சுக்கிட்டு நின்னு எடுத்தவன் நான்!"

"எங்கன எடுத்த?"

"மெயின் அருவில. ஞாயித்துக்கிழம."

"போலீஸ் விசில் எங்கலே?"

ஜோயல் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"சீசன்ல, ஞாயித்துக்கிழம, ஒரு மணி நேரத்துல ஒரு விசில் கூடவா ஊதல? 'போதும், வெளிய வாங்க'ன்னு ஒருத்தன் கூடவா கத்தல? வெளியூர்க்காரன் நம்புவான். எங்கிட்டயா கதை விடுத?" போனை வைத்துவிட்டாள்.

அன்று விசில் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு நின்றது அவனுக்கு நினைவு வந்தது. மறுபடி போட்டுக் கேட்டான். வெறும் தண்ணீர். நிரல் முதல் சில நொடிகளை எடுத்துவிட்டு, புதிய துண்டுக்கு நகராமல், அதையே ஒரு மணி நேரமும் திருப்பித் திருப்பி அனுப்பியிருந்தது. அருவிக்குப் பழசும் புதுசும் ஒரே சத்தம்தான். அவள் பொய் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று வயிறெரிந்தான்.

பிழையைத் திருத்தி, திரும்பப் போய் விசிலும் கூச்சலுமாகப் பதிந்து வந்தான். அனுப்பப் போகையில்தான் கர்னல்காரர்களின் ஒரு வழக்கம் குறுக்கே நின்றது. பிழையைக் கண்டு சொன்னவர் பெயரை எழுதியவர் பெயரோடு சேர்த்துப் போட வேண்டும். ஏமாற்றுக்காரன் என்று சொன்னவள் பெயரையா? எழுதி, அழித்தான். விட்டால் அதைச் சொல்லியே திருப்பியடிப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எழுதினான்.

'ஏற்றுக்கொண்டேன்' என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. ஏமாற்று என்றதை அவள் திரும்ப வாங்கவே இல்லை.

"எங்க, உங்க பேரக் காட்டுங்க பாப்போம்" என்று மனைவி கிருபா ஆசையாக வந்தாள். ஜோயல் போனை நீட்டினான். அவன் பெயருக்குக் கீழே கட்டைவிரல் அழுந்தியிருந்தது.

"விரல எடுங்க. கீழ யாரு பேரு?"

"அது இருக்கட்டும். மேல மட்டும் பாரு" என்றான்.